மூன்று குழல் துப்பாக்கியின் அடியில் என்ன எழுதியிருக்கு?

போன மாசம் ஒரு நைட் டூட்டி. கேஷுவாலிட்டி கொஞ்சம் அடங்கி, மணி மூணு இருக்கும். ஜெர்மனியில் மயக்க மருத்துவராக இருக்கும் காலேஜ் சீனியர் ஒருத்தர் வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ அனுப்பியிருந்தார். கூடவே ஒரு வரி: "தம்பி, இதை வாங்கலாமா?"

ஒரு பழைய வேட்டைத் துப்பாக்கி. மேலே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழல், அதற்குக் கீழே நடுவில் மூன்றாவதாக ஒரு குழல். விற்பவர் பக்கத்து ஊர்ப் பாட்டி. தாத்தா போன பிறகு வீட்டில் யாருக்கும் அது வேண்டாமாம். விலை? ஒரு நல்ல செல்போனை விடக் குறைவு.

சுடத் தெரியாத என்கிட்ட எதுக்குக் கேட்கிறார்னா, பழைய யுத்தச் சரித்திரம் படிக்கிற கிறுக்கு எனக்கு உண்டுன்னு அவருக்குத் தெரியும். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நம்ம நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம். ஜெர்மனி கதை வேற. அங்கே தேர்வு எழுதி, வேட்டை உரிமம் வாங்கி, காட்டுக்குப் போகலாம். அந்தத் தேர்வை 'பச்சை அபிட்டூர்' என்று கிண்டலாகச் சொல்வார்கள். அபிட்டூர் என்றால் நம்ம பிளஸ் டூ மாதிரி. மிருகம், தாவரம், நோய், சட்டம், ஆயுதம் எல்லாம் அதில் உண்டு. நம்ம சீனியர், "பிஜி என்ட்ரன்ஸே தேவலாம்டா" என்றார்.

சரி, மூணு குழல் எதுக்கு? பதில் 1848இல் இருக்கு.

அதுவரை அடுத்தவன் நிலத்தில் வேட்டையாடுவது பிரபுக்களின் உரிமை. விவசாயியின் பயிரைப் பன்றி தின்னாலும் அவன் கை கட்டித்தான் நிற்கணும். 1848 புரட்சி அதை உடைத்தது. நிலம் யாருடையதோ வேட்டை உரிமையும் அவனுக்கே என்றானது. ஆனால் ஆளாளுக்கு அரை ஏக்கரில் சுட்டால் என்னாகும்? அதனால் 1850இல் பிரஷ்யா ஒரு சட்டம் போட்டு, குறைந்தது இவ்வளவு பரப்பு ஒன்றாக இருந்தால்தான் வேட்டை என்றது. சிறு விவசாயிகள் சேர்ந்து தங்கள் நிலங்களை ஒரே வேட்டைப் பகுதியாக்கிக் குத்தகைக்கு விட்டார்கள். இன்றைக்கும் அடிப்படை அதுதான்.

அப்படிக் குத்தகை எடுத்தவன் சாயங்காலம் தன் பகுதியைச் சுற்றி வருகிறான். வரப்பில் முயல் ஓடும், திடீர்னு ஒரு காட்டுக்கோழி பறக்கும். அதற்குச் சிறு ஈயக் குண்டுகள் சிதறும் குழல் வேணும். காட்டோரம் மானோ பன்றியோ நின்றால் ஒற்றைக் குண்டு போகும் ரைஃபிள் வேணும். இரண்டு துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க முடியுமா? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துப்பாக்கிக் கொல்லர்கள் மூன்று குழலையும் ஒரே கட்டையில் பொருத்திவிட்டார்கள். அதற்குப் பேர் டிரில்லிங். துரிங்கியாவில் இருக்கும் சூல் என்ற சின்ன ஊர் இதற்குப் பேர் போனது.

போட்டோ பார்த்ததும் நான் அவரிடம் சொன்னது: "அண்ணா, மரத்து மேல இருக்கிற பூ வேலையை விடுங்க. குழலைக் கழற்றி அடியில எடுத்து அனுப்புங்க."

காரணம், ஜெர்மனியில் எந்தத் துப்பாக்கியும் விற்பனைக்கு வருமுன் அரசு சோதனை நிலையத்தில் அதிக அழுத்தத் தோட்டா போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் குழலின் அடியில் முத்திரை. சோதனை செய்த மாசமும் வருஷமும்கூடப் பெரும்பாலும் இருக்கும். ஊசி மருந்து குப்பியில் நாம பார்க்கிற பேட்ச் நம்பர் மாதிரி.

இதில் இருந்தது '4 34'. அதாவது 1934 ஏப்ரல்.

இங்கேதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ரைஃபிள் குழல் 8×57 வகை. ஆனால் அந்தப் பேரில் இரண்டு தோட்டா இருக்கு. 1888இல் ராணுவத்துக்கு வந்த முதல் தோட்டாவின் குண்டு சுமார் 8.07 மி.மீ. 1900களின் தொடக்கத்தில் கூர்முனைக் குண்டுக்கு மாறியபோது அதை 8.20 ஆக்கினார்கள். பழசுக்கு 'ஐ', இன்ஃபான்ட்ரியின் முதல் எழுத்து. புதுசுக்கு 'ஐஎஸ்'. விளிம்பு வைத்த தோட்டா என்றால் நடுவில் ஓர் 'ஆர்'. பழைய ஜெர்மன் அச்சில் 'ஐ'யும் 'ஜே'யும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் உலகமே அதை 'ஜே' என்று படித்துவிட்டது. பேரிலேயே குழப்பம்!

ராணுவம் மாறிவிட்டது. வேட்டைத் துப்பாக்கி செய்தவர்களில் பலர் 1930கள் வரைக்கும் பழைய அளவிலேயே குழல் செய்தார்கள். பெரிய குண்டுத் தோட்டா சின்னக் குழலிலும் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். சுட்டால் அழுத்தம் எகிறும். வித்தியாசம் 0.13 மி.மீ, அவ்வளவுதான். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலும் டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூலும் ஒரே ட்ரேயில் கிடந்தால் எப்படி இருக்கும்? அந்த பயம் எங்களுக்குத் தெரியும்.

மலையடிவாரத்தில் பணியில் இருந்தபோது நாட்டுத் துப்பாக்கி வெடித்து ஒருத்தரைக் கொண்டுவந்தார்கள். கட்டைவிரல் துணியில் தனியாக வந்தது. அதிலிருந்து 'பழசு, ஆனா நல்லா இருக்கு' என்ற வார்த்தை எனக்கு ஆகாது.

மேல் குழல்களிலும் ஒரு கண்ணி. பழைய 16 காஜ் அறைகள் பெரும்பாலும் 65 மி.மீ. இன்றைய தோட்டா 70. உள்ளே போகும், ஆனால் சுடும்போது அதன் வாய் முழுசாக விரிய இடம் இருக்காது. ஈயத்துக்குப் பதில் வரும் இரும்புக் குண்டுகளும் இந்தப் பழைய குழல்களுக்குச் சரிவராது.

இன்னொன்று. கட்டையின் கழுத்தில் கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு தள்ளு பொத்தான். அமெரிக்கத் துப்பாக்கிகளில் அது பாதுகாப்புப் பூட்டு. டிரில்லிங்கில் பெரும்பாலும் அது குழல் மாற்றி! முன்னால் தள்ளினால் முன் விசை ரைஃபிளுக்கு மாறும், குறி பார்க்கும் தகடும் தானாக எழும். பாதுகாப்புப் பூட்டு கட்டையின் இடப் பக்கம் இருக்கும். அது தெரியாமல் எடுத்தவர் முயலைச் சுடுவதாக நினைத்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும் குண்டை விட்டுவிடலாம்.

இப்போ அந்த 1934க்கு வருவோம். குழலில் இருந்த பெயர் சிம்சன், சூல்.

1856இல் லோப், மோசஸ் என்ற இரண்டு யூத சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம். வேட்டைத் துப்பாக்கி, சைக்கிள், கார் எல்லாம் செய்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் ஒப்பந்தக் கட்டுப்பாட்டில், ஜெர்மன் ராணுவத்துக்குச் சிறு ஆயுதம் செய்யும் ஒற்றை அனுமதி இவர்களுக்குக் கிடைத்தது. நாஜிகளுக்கு இது எப்படி இருந்திருக்கும்? 1935இல் ஆர்தர் சிம்சனைப் பிடித்து உள்ளே வைத்து, நிறுவனத்தை எழுதி வாங்கினார்கள். பின்னால் நின்றவர் துரிங்கியாவின் கட்சித் தலைவர் ஃபிரிட்ஸ் சௌக்கெல். குடும்பம் 1936இல் நாட்டை விட்டே போய் அமெரிக்கா சேர்ந்தது.

அதாவது இந்தத் துப்பாக்கி, அந்தக் குடும்பம் தன் பேரில் செய்த கடைசித் துப்பாக்கிகளில் ஒன்று. அதே 1934 ஜூலையில்தான் கோரிங் புது வேட்டைச் சட்டம் போட்டு, தனக்கு 'ராஜ்ய வேட்டைத் தலைவர்' என்று பட்டமும் எடுத்துக்கொண்டார். அவருடைய விமானப்படைக்குக் காட்டிலோ பாலைவனத்திலோ விழுந்தால் பிழைக்க என்று டிரில்லிங் செய்து, அலுமினியப் பெட்டியில் வைத்துக் கொடுத்தது அதே ஊரின் சாவர் நிறுவனம். யுத்தத்துக்கு நடுவில் அப்படி ஓர் ஆடம்பரம்.

1938 நவம்பர் 11இல் இன்னொரு ஆணை: யூதர்கள் எந்த ஆயுதமும் வைத்திருக்கக் கூடாது. துப்பாக்கியில் தன் பெயரை வெட்டிய குடும்பம் ஊரில் இருந்திருந்தால், அந்தத் துப்பாக்கியைத் தொடுவதே குற்றமாகியிருக்கும்.

யுத்தம் முடிந்ததும் சூல் முதலில் அமெரிக்கர் கையில், பிறகு சோவியத் கையில். சாவர் நிறுவனம் மேற்கே எக்கர்ன்ஃபோர்டேவுக்குப் போனது. சிம்சன் பெயர் மட்டும் கிழக்கு ஜெர்மனியில் மொபெட் வண்டியில் ஓடியது.

இந்தத் துப்பாக்கி 1934இல் யார் வாங்கினார், பாட்டியின் வீட்டுக்கு எப்போது வந்தது, எதுவும் குழலில் இல்லை. பாட்டிக்கும் தெரியாது. "அவர் அப்பாவோடது" என்று மட்டும் சொன்னாராம்.

சீனியர் அதை நேராகத் துப்பாக்கிக் கொல்லரிடம் எடுத்துப் போனார். மென்மையான ஈயத்தைக் குழலுக்குள் தட்டி அனுப்பி, வெளியே வந்ததை மைக்ரோமீட்டரில் அளந்தார்கள். 8.07. பழைய 'ஐ'. மேல் அறைகள் 65.

வாங்கிவிட்டார். இரண்டு வாரத்துக்குள் உரிமப் புத்தகத்தில் ஏற்றணும், அதையும் முடிச்சாச்சு. சரியான தோட்டாவுக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்கிறார். அதுவரை பீரோவில் இருந்த புது 'ஐஆர்எஸ்' தோட்டா டப்பாவைப் பாட்டியிடமிருந்து வாங்கிக் கொல்லரிடமே ஒப்படைத்துவிட்டாராம்.

அந்த டப்பாவில் பாதி காலி.