நமத்துப்போன குண்டுகளின் பூர்வீகம்

2010 மே 1, சனிக்கிழமை மாலை. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் நின்றிருந்த நிசான் பாத்ஃபைண்டர் வண்டி ஒன்றிலிருந்து புகை வருவதைத் தெருவோர வியாபாரிகள் பார்த்துப் போலீசுக்குச் சொன்னார்கள். உள்ளே புரொப்பேன் சிலிண்டர்கள், பெட்ரோல் கேன்கள், கடைப் பட்டாசு, அலாரம் கடிகாரங்கள், கூடவே வெடிக்கும் தன்மையே இல்லாத உரம். பட்டாசு புகைந்ததோடு சரி. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் ஜேனட் நபாலிடானோ, இது ஒற்றைச் சம்பவம் என்பதற்கு மேல் ஆதாரம் எதுவும் இல்லை என்றார். மேயர் ப்ளூம்பெர்க், சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் பிடிக்காத யாராவதாக இருக்கலாம் என்கிற அளவுக்குப் போனார். வண்டியை நிறுத்திய ஃபைசல் ஷாஜாத் துபாய் விமானத்தில் ஏறிய பிறகு கைதானான். அதற்குப் பின்னும் அமெரிக்க ராணுவ ஜெனரல் பெட்ரேயஸ் அவனைத் தனி ஆளாகவே கருதினார். மே 9 அன்று அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர், சதிக்குப் பின்னால் பாகிஸ்தான் தாலிபான் இருக்கிறது என்று அறிவித்தார். எட்டே நாளில் கதை தலைகீழானது.

ஆட்களின் அவசரம் மட்டும் இதற்குக் காரணமில்லை. இந்தத் தவறான கணிப்புக்கு அடியில் ஒரு அனுமானம் கிடக்கிறது: குண்டு அரைகுறையாக இருந்தால் செய்தவனும் அரைகுறை, அப்படிப்பட்டவனுக்குப் பின்னால் பெரிய அமைப்பு இருக்காது. கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த அனுமானத்தை 2001இலிருந்தே வரலாறு பொய்யாக்கி வந்திருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பர் 22 அன்று பாரிசிலிருந்து மயாமி போன விமானத்தில் ரிச்சர்ட் ரீட், குண்டு மறைத்த தன் ஷூவுக்குத் தீக்குச்சி உரசிக்கொண்டிருந்தபோது பிடிபட்டான். திரி பற்றவில்லை. முந்தைய நாள் போலீஸ் விசாரணையால் விமானத்தைத் தவறவிட்டு, அதே ஷூவோடு இன்னொரு நாள் திரிந்ததில் திரி ஈரமாகியிருக்கலாம் என்று கருதப்படுகிறது. சில்லறைக் குற்றங்களுக்காகச் சிறை சென்றுவந்த, பரட்டைத் தலையோடு திரிந்த இந்த ஆளைப் பார்த்துப் பலரும் கிறுக்கன் என்று முடிவு கட்டினார்கள். ஆனால் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நிருபர் காபூலில் விலைக்கு வாங்கிய கணினி ஒன்றில் அல் காய்தா ஆள் ஒருவரின் பயண அறிக்கை கிடைத்தது. இஸ்ரேல், எகிப்து, துருக்கி என்று போன அந்தப் பயணம் ரீடின் பயணத்தோடு பொருந்தியது. அடுத்த மாதமே அது செய்தியாக வந்தது.

அதைவிட அழுத்தமான சான்று 2003 நவம்பரில் இங்கிலாந்தின் குளோஸ்டரில் கிடைத்தது. சாஜித் பாதத் என்ற இளைஞனின் வீட்டில் பிரித்துவைக்கப்பட்ட இன்னொரு ஷூ குண்டு இருந்தது. ரீடோடு சேர்ந்து அதே சமயத்தில் இன்னொரு விமானத்தைத் தகர்க்க வேண்டியவன் அவன். கடைசி நேரத்தில் மனம் மாறிப் பின்வாங்கிவிட்டான். அவனிடமிருந்த வெடிதிரியும் ரீடின் ஷூவில் இருந்ததும் ஒரே கயிற்றிலிருந்து வெட்டியவை என்று ஆய்வில் தெரிந்தது. பெல்ஜிய டெலிபோன் கார்டுகளும் இருவரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. குண்டு வெடித்திருந்தால் திரி அட்லாண்டிக் கடலுக்குள் போயிருக்கும், இந்த ஒப்பீடும் நடந்திருக்காது. தோற்றுப்போன சதி, வென்ற சதியைவிட அதிகமாகச் சாட்சி சொல்கிறது. ஆள் உயிரோடு இருப்பான், பொருள் முழுசாக இருக்கும். முதல் வாரத்து மேடைப் பேச்சுகளில் இந்தச் சாட்சியைத்தான் யாரும் கேட்பதில்லை.

2009 கிறிஸ்துமஸ் நாளில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் போன விமானத்தில் உமர் ஃபாரூக் அப்துல்முத்தல்லபின் உள்ளாடைக் குண்டும் எரிந்து அடங்கியது. மூன்று நாள் கழித்து அதிபர் ஒபாமா அவனைத் தனித்த தீவிரவாதி என்ற தொனியில் குறிப்பிட்டார். ஜனவரி 2 அன்று அவரே, ஏமனில் இயங்கிய அல் காய்தா கிளைதான் பயிற்சியும் வெடிபொருளும் கொடுத்தது என்றார். உள்ளாடையில் இருந்த பி.இ.டி.என். (PETN) என்ற வெடிபொருள்தான், சில மாதங்களுக்கு முன் சவூதி இளவரசர் முகம்மது பின் நயீஃபைக் கொல்ல நடந்த முயற்சியிலும் பயன்பட்டிருந்தது.

அப்படியானால் நமத்துப்போன ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் ஒரு வலையைத் தேடிக் கட்டிவிடலாமா என்று கேட்டால், கூடாது என்பதற்கு லண்டன் உட்கிரீன் வழக்கே போதும். 2003 ஜனவரியில் ஒரு ஃபிளாட்டில் போலீஸ் சோதனை நடத்தியது. ரைசின் என்ற கொடிய நஞ்சு கிடைத்ததாக அரசு அறிவித்தது. பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் கோலின் பாவெல், இராக்கில் இருந்த தீவிரவாதி ஜர்காவியிலிருந்து ஐரோப்பிய நகரங்கள் வரை பரவிய நச்சு வலை என்று ஒரு படத்தையே விரித்துக் காட்டினார். பிரிட்டனும் அந்தப் படத்தில் இருந்தது. அடுத்த மாதம் இராக் போர் தொடங்கியது. 2005 ஏப்ரலில் தீர்ப்பு வந்தபோது மிஞ்சியது என்ன? ஆமணக்கு விதைகள் சில, கையெழுத்தில் எழுதிய செய்முறைக் குறிப்புகள். ரைசின் இல்லவே இல்லை. நான்கு பேர் விடுதலையானார்கள். பொதுத் தொல்லை விளைவிக்கச் சதி செய்த குற்றத்துக்காகக் கமெல் பூர்காஸ் ஒருவன் மட்டும் தண்டனை பெற்றான். அவன் அப்பாவி இல்லை. கைதின்போது ஒரு துப்பறியும் அதிகாரியைக் குத்திக் கொன்றவன். ஆனால் கொலைகாரன் ஒருவன் பிடிபட்டான் என்பதற்கும் பாக்தாத் வரை ஒரு வலை நீள்கிறது என்பதற்கும் நடுவே எந்தப் பொருளும் கைமாறியதாக நிரூபணமாகவில்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட கதைதான்.

இரண்டு பக்கத் தவறுக்கும் வேர் ஒன்றே. சதி எவ்வளவு திறமையானது, எவ்வளவு பயங்கரமானது என்பதை வைத்துத் தொடர்பை ஊகிப்பது. கேட்க வேண்டிய கேள்விகள் சலிப்பூட்டுபவை: பணம் யார் கொடுத்தது, செய்யக் கற்றுத்தந்தது யார், பொருள் எந்தக் கையிலிருந்து வந்தது, இலக்கைத் தேர்ந்தெடுத்தது யார். ஷாஜாத் விஷயத்தில் இவற்றுக்குத் தனித்தனிப் பதில்கள் இருந்தன. வஜீரிஸ்தானில் ஐந்து நாள் வெடிகுண்டுப் பயிற்சி. பிப்ரவரியில் மாசசூசெட்ஸிலும் ஏப்ரலில் நியூயார்க்கிலும் ஹவாலா வழியாகச் சுமார் 12,000 டாலர். இலக்கைத் தேர்ந்ததும் வண்டியை நிறுத்தியதும் அவனே, அமெரிக்காவில் கூட்டாளி இல்லை. ஐந்து நாளில் கற்ற வித்தை புகையோடு நின்றுவிட்டது என்பது அமைப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது. அமைப்பு அவன் மேல் எவ்வளவு குறைவாகச் செலவு செய்தது என்பதற்கு வேண்டுமானால் சான்றாகும். பணத்தைக் கைமாற்றியவருக்குச் சதி தெரியும் என்று அரசுத் தரப்பே குற்றம் சாட்டவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பணத்தின் தடம் அவர் வழியாகப் போனது என்பதற்காக அவர் வலையின் உறுப்பினராகிவிட மாட்டார்.

டைம்ஸ் சதுக்கக் குண்டுக்குப் பாகிஸ்தான் தாலிபான்தான் உடனே பொறுப்பேற்றதே, அதை ஏன் நம்பவில்லை என்ற கேள்வியும் எழும். இங்கே அதிகாரிகளின் சந்தேகத்தில் குற்றம் காண மாட்டேன். 2009 ஏப்ரலில் பிங்ஹாம்டன் நகரில் தனி ஆள் ஒருவன் 13 பேரைச் சுட்டுக் கொன்றபோது, சம்பந்தமே இல்லாமல் பாகிஸ்தான் தாலிபானின் அப்போதைய தலைவர் பைத்துல்லா மெசூத் அதற்கு உரிமை கோரியிருந்தார். பொறுப்பேற்பு என்பது பெரும்பாலும் விளம்பரம். பிடிபட்டவனின் வாக்குமூலத்திலும் இதே கோளாறு உண்டு. நீதிமன்றத்தில் தன்னை முஸ்லிம் படைவீரன் என்று சொல்லிக்கொண்ட ஷாஜாத்துக்குப் பெரிய சேனையின் ஆளாகத் தெரிவதில் லாபம் இருந்தது. ஆகவேதான் அவன் பேச்சைவிட அந்த டாலர்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

கயிறும் ரசீதும் ஒப்பிட்டு முடியும்வரை அரசாங்கம் வாய்மூடி இருக்க முடியாது, இரண்டாவது குண்டு எங்காவது காத்திருக்கலாம் என்ற வாதத்தை மறுக்க முடியாது. பாதத் அப்படிக் காத்திருந்திருக்க வேண்டியவன்தானே. எனவே முதல் நாள் எச்சரிக்கை தவறில்லை. வந்த விடையை வெளியே சொன்னார்களா என்பதில்தான் வேறுபாடு. ஒபாமா தன் சொல்லை ஒரு வாரத்துக்குள் தானே திருத்திக்கொண்டார். உட்கிரீன் ஃபிளாட்டில் முதல் சோதனை காட்டிய ரைசின் பொய் என்பதைப் பிரிட்டிஷ் அரசின் போர்ட்டன் டவுன் ஆய்வகம் சில நாட்களிலேயே கண்டுவிட்டது. பிரிட்டிஷ் மக்களுக்கு அது தெரிந்தது 2005இல், வழக்கு முடிந்த பிறகு.