குளிர்பதனப் பெட்டித் தாய்க் கோட்பாடு

ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் தாயின் பாசக் குறைவால் குழந்தைக்கு நேர்வது என்று கொண்டு, 1940களின் இறுதி முதல் 1970கள் வரை அமெரிக்க உளச் சிகிச்சையில் செல்வாக்குப் பெற்றிருந்த கருத்து இப்பெயரால் சுட்டப்படுகிறது. குழந்தையைத் தேற்ற முயன்ற சிகிச்சை, அதன் குடும்பத்தைக் காயப்படுத்தியதற்கு இது தலையாய சான்றாகும்.

தோற்றம்

பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர், 1943இல் வெளியிட்ட கட்டுரையில் 8 சிறுவர்களையும் 3 சிறுமியரையும் விவரித்து, பிறரோடு ஒட்டாத இயல்பு அவர்களுக்குப் பிறவியிலேயே அமைந்தது என்று கருதினார். ஆயினும், அவர்களுடைய பெற்றோரில் பலர் மிகப் படித்தவர்களாகவும் நெருக்கம் காட்டாதவர்களாகவும் இருந்ததையும் அதில் பதிவு செய்தார். இக்குறிப்பை 1949இல் விரித்தெழுதியபோது, உறைபனி உருகாத குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்பட்டவர்களாக அக்குழந்தைகளை அவர் உருவகித்தார்.

பரவல்

இக்கருத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றவர், சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆர்த்தோஜெனிக் பள்ளியை 1944 முதல் 1973 வரை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் ஆவார். நாஜிகளின் டாக்காவ், பூகன்வால்ட் முகாம்களில் அடைபட்டிருந்த அவர், 1967இல் வெளிவந்த தம் நூலில், ஆட்டிசக் குழந்தையின் ஒடுக்கத்தை முகாம் கைதிகளின் நிலையோடு ஒப்பிட்டார். இதனால் தாய் காவலரின் இடத்தில் வைக்கப்பட்டாள். அவரது பள்ளியில் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தங்கவைக்கப்பட்டனர். பிற மருத்துவமனைகளில், குழந்தை ஓர் அறையில் சிகிச்சையாளருடன் விளையாட, தாய் வேறோர் அறையில் சமூகப் பணியாளர் முன் அமர்ந்து, தன் மனத்துள் புதைந்த வெறுப்பைத் தேட வேண்டியிருந்தது. அவள் மறுத்தாலோ, அம்மறுப்பும் உளப்பகுப்பாய்வில் ‘எதிர்ப்பு’ எனப்படும் தற்காப்பாகவே கொள்ளப்பட்டது. நோயுற்ற குழந்தையை இரவும் பகலும் பேணிய தாய்மார், அந்நோய்க்குத் தாமே காரணம் என்று நம்பி ஆண்டுக்கணக்கில் குற்றவுணர்வைச் சுமந்தனர்.

மறுப்பு

அமெரிக்கக் கடற்படையின் உளவியலாளரும் ஆட்டிசமுற்ற சிறுவனின் தந்தையுமான பெர்னார்டு ரிம்லாண்டு, 1964இல் எழுதிய நூலில் இந்நிலை உடல்சார்ந்தது என்று நிறுவினார். நூலின் பின்னிணைப்பாக இருந்த வினாப்பட்டியலைப் பெற்றோர் பலர் நிரப்பி அவருக்கு அனுப்பினர். 1965இல் அவர்களது தேசியச் சங்கம் உருவாயிற்று. 1969இல் அச்சங்கத்தின் கூட்டத்தில் கானரே பெற்றோர்மீது குற்றமில்லை என்று அறிவித்தார். சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 1977இல் வெளியிட்ட இரட்டையர் ஆய்வில், ஒரு கரு இரட்டையரில் 11 இணைகளுள் 4இல் இருவருக்கும் ஆட்டிசம் காணப்பட, இரு கரு இரட்டையரின் 10 இணைகளுள் ஒன்றிலும் அவ்வாறு காணப்படாமையால், மரபின் பங்கு உறுதியாயிற்று.

இக்காலத்தில் ஆட்டிசம் நரம்பு வளர்ச்சி சார்ந்த நிலையாகக் கருதப்படுகிறது; பெற்றோர் சிகிச்சையில் பங்காளிகளாகச் சேர்க்கப்படுகின்றனர்.