பேற்று நாளும் பேறுகாலமும்: மகப்பேற்றுச் சட்டச் சொற்களின் வரலாறு

1. முன்னுரை

1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் அதன் 19ஆம் பிரிவில் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு கடமையை விதித்தது. பெண்கள் வேலை செய்யும் நிறுவனத்தின் ஒவ்வொரு பகுதியிலும் எளிதில் கண்ணில் படும் இடத்தில் சட்டத்தின் சுருக்கம் அவ்வட்டார மொழியில் வைக்கப்பட வேண்டும் என்பது அப்பிரிவின் கருத்து. சட்ட நூல்கள் இப்பிரிவைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்து செல்கின்றன. மொழியியல் நோக்கில் இதுவே அச்சட்டத்தின் முதன்மையான பிரிவு எனலாம். நிறைமாதத்திலும் நூற்பாலையில் நின்று வேலை செய்யும் பெண்ணுக்கும் மலைத்தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் சட்டம் என்பது அவர்கள் கண்முன் தொங்கும் அந்தத் தாளே ஆகும்.

அத்தாளில் எந்தச் சொல் இடம்பெற வேண்டும் என்பது எளிய வினா அன்று. சட்டம் ஒரு நாளை மையமாக வைத்துப் பேசுகிறது. தமிழ் வழக்கு ஒரு காலத்தை மையமாக வைத்துப் பேசுகிறது. 'எதிர்பார்க்கப்படும் பேற்று நாள்' என்பது முன்னது; 'பேறுகாலம்' என்பது பின்னது. இவ்விரண்டின் இடைவெளியில்தான் வேலை செய்யும் பெண் தன் கடைசி வாரங்களைக் கழிக்கிறாள். அவ்விடைவெளி சட்ட வாசகத்தில் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு குறுகியது, இன்னும் எங்கே எஞ்சியுள்ளது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஆங்கில மூலத்தின் மூன்று சொற்கள்

இந்தியச் சட்டங்களின் மூலமொழியான ஆங்கிலத்தில் பிள்ளைப்பேற்றைக் குறிக்க மூன்று சொற்கள் பெருவழக்காக இருந்துள்ளன. 'கன்ஃபைன்மென்ட்' என்பது அடைபட்டிருத்தல் என்னும் பொருளிலிருந்து வந்தது; அது பெண் இருக்கும் இடத்தை நோக்குகிறது. 'டெலிவரி' என்பது விடுவித்தல் என்னும் பொருளிலிருந்து வந்தது. அது முடிவை நோக்குகிறது. 'லேபர்' என்பது உழைப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது; அது பெண் படும் பாட்டை நோக்குகிறது. பிரெஞ்சு மொழியிலும் வேலையைக் குறிக்கும் 'த்ரவாய்' என்னும் சொல்லே பேற்று வலிக்கும் வழங்குவது இங்கு ஒப்புநோக்கத் தக்கது.

தமிழில் இந்த இருபொருள் ஒருமை இல்லை. உழைப்பு, தொழில், வேலை என்பன ஒரு சொற்குடும்பம். நோவு, வலி, பேறு, ஈனுதல் என்பன மற்றொன்று. எனவே 'லேபர் கோர்ட்' தொழிலாளர் நீதிமன்றமாகவும் 'லேபர் வார்டு' பிரசவ அறையாகவும் தமிழில் பிரிந்து விடுகின்றன. 'பேறு' என்பது 'பெறு' என்னும் வினையடியாகப் பிறந்தது. அடைபடுதல், விடுபடுதல், உழைத்தல் என்னும் மூன்றையும் விடுத்து, பெறுதல் என்பதையே தமிழ் தேர்ந்துகொண்டது.

3. நாளை மையமாகக் கொண்ட சட்டம்

1919இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு ஏற்ற மூன்றாவது உடன்படிக்கை மகப்பேற்றுப் பாதுகாப்பைப் பற்றியது. அதன் ஆங்கில வாசகம் 'கன்ஃபைன்மென்ட்' என்னும் சொல்லைக் கொண்டது. பேறு ஆறு வாரத்திற்குள் நிகழக்கூடும் என மருத்துவர் சான்று அளித்தால் பெண் வேலையை விட்டு விலகலாம். பேற்றுக்குப் பின் ஆறு வாரம் அவளை வேலைக்கு அமர்த்தக் கூடாது. இவற்றோடு, மருத்துவர் நாளைக் கணிப்பதில் பிழை செய்தாலும் சான்று அளித்த நாள் முதல் பேறு உண்மையில் நிகழும் நாள் வரை பெண் பெறவேண்டிய உதவி தடைபடக் கூடாது என்றும் அது கூறியது. கணித்த நாள் வேறு, நிகழும் நாள் வேறு என்பதைச் சட்டமொழி தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தமைக்கு இது சான்றாகும். இந்தியா இவ்வுடன்படிக்கையை ஏற்றுறுதி செய்யவில்லை.

இந்தியாவில் என். எம். ஜோஷி 1924இல் மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. பம்பாய்ச் சட்டமன்றத்தில் வந்த மசோதாவை 1928இல் அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். 1929இல் அது சட்டமாயிற்று. சென்னை மாகாணத்திற்கு 1934ஆம் ஆண்டுச் சட்டம் அமைந்தது. சுரங்கப் பெண்களுக்கு 1941இல் தனிச்சட்டம் வந்தது. இவ்வாறு சிதறிக் கிடந்தவற்றுக்கு ஒரு பொது வடிவம் தர முயன்றதே 1961ஆம் ஆண்டின் சட்டம். இதில் 'டெலிவரி' என்னும் சொல்லே ஆளப்பட்டு, அதற்குக் குழந்தையின் பிறப்பு என விளக்கமும் தரப்பட்டது.

1961ஆம் ஆண்டு வாசகத்தின்படி மொத்தம் 12 வாரம்: பேற்று நாள் உட்பட முன் ஆறு வாரம், பின் ஆறு வாரம். பேற்றுக்கு முன்னுள்ள பகுதிக்கு, பெண் 'உண்மையில் வேலைக்கு வராதிருந்த காலத்திற்கு' மட்டுமே ஊதியம் உண்டு. இத்தொடரின் விளைவு கடுமையானது. வலி தொடங்கும் நாள் வரை வேலைக்கு வந்தவளுக்கு முன் ஆறு வாரம் என்பது இல்லாமற் போயிற்று. அவ்வாரங்களைப் பின்னால் சேர்த்துக்கொள்ள வாசகம் இடம் தரவில்லை. கணித்த நாளுக்கு இரண்டு வாரம் முன்னரே குழந்தை பிறந்தால் அந்த இரண்டு வாரமும் கழிந்தன. இயற்கை நாளைத் தவறவிட்டதற்குப் பெண் ஈடு கொடுத்தாள்.

'வாரம்' என்னும் சொல்லும் வழக்குக்குள்ளாயிற்று. தமிழ்நாட்டு மலைத்தோட்டம் ஒன்றில் வாரத்திற்கு ஆறு நாள் வேலை. 1967இல் குழந்தை பெற்ற ஒரு பெண் தொழிலாளிக்கு நிருவாகம் 12 வாரத்தை 72 வேலைநாளாகக் கணக்கிட்டு ஊதியம் கொடுத்தது. ஞாயிற்றுக் கிழமைகள் விலக்கப்பட்டன. அவள் 84 நாள் கேட்டாள். கோயம்புத்தூர்த் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய இவ்வழக்கு, பி. ஷா வழக்கு என்னும் பெயரில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சட்டத்தில் 'வாரம்' என்பதற்கு விளக்கம் இல்லாமையால் நீதிமன்றம் அகராதிகளை நாடியது. வாரம் என்பது ஞாயிறு உட்பட ஏழு நாள் கொண்ட சுற்று என 1977இல் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு நாள் கூலி ஒரு சொல்லின் பொருளைச் சார்ந்து நின்றது என்பது அகராதித் துறையினர் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி.

1988இல் வந்த திருத்தம் வாசகத்தை மாற்றியது. 12 வாரத்துள், எதிர்பார்க்கப்படும் பேற்று நாளுக்கு முன்னர் ஆறு வாரத்திற்கு மேற்படாமல் எடுக்கலாம் என்றாயிற்று. 'முன் ஆறு, பின் ஆறு' என்னும் பங்கீடு 'ஆறுக்கு மேற்படாமல்' என்னும் வரம்பாக மாறியதால், கடைசி நாள் வரை வேலை செய்தவள் 12 வாரத்தையும் பேற்றுக்குப் பின் பெற முடிந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் மொத்தத்தை 26 வாரமாகவும் முன்வரம்பை எட்டு வாரமாகவும் உயர்த்தியது. உயிருடன் இரண்டு குழந்தைகள் உள்ளவர்க்கு 12 வாரமும் ஆறு வார முன்வரம்பும் தொடர்ந்தன. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவ்வமைப்பையே ஏற்றது.

இம்மாற்றத்திற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. குழந்தையுடன் இருக்கும் நாள்களைக் கூட்டிக்கொள்ள விரும்பும் பெண், நிறைமாதத்திலும் வேலையை விடாமல் இருக்கக் காரணம் பிறந்தது. அதனால் வலியின் முதற்குறிகள் வீட்டில் அன்றி வேலையிடத்திலேயே தோன்றும் வாய்ப்பும் கூடுகிறது.

4. காலத்தை மையமாகக் கொண்ட வழக்கு

தமிழில் சூலின் படிநிலைகளுக்குச் சொற்கள் மிகுதி. முற்றிய சூலைக் குறிக்கும் 'கடுஞ்சூல்' குறுந்தொகையிலேயே இடம்பெறுகிறது. நீர் சுமந்து மெல்லச் செல்லும் மேகத்திற்கு அந்நிலையிலுள்ள பெண்கள் அங்கு உவமையாகின்றனர். அண்மையில் ஈன்ற நிலைக்கு 'ஈன்றணிமை' என்னும் சொல் உண்டு. இன்றைய பேச்சுவழக்கில் 'முழுகாமல் இருக்கிறாள்' என்பது தொடக்கத்தையும் 'நிறைமாதம்' என்பது முதிர்வையும் குறிக்கும். 'பேறுகாலம்' ஒரு நாளைக் குறிப்பதன்று. வலிக்குக் காத்திருக்கும் நாள்களையும் பெற்றபின் படுத்திருக்கும் நாள்களையும் தழுவியது அது.

கணக்கிலும் வேறுபாடு உண்டு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணும் மருத்துவக் கணக்கு, செருமானிய மருத்துவர் நேகலே (1778-1851) பெயரால் வழங்குகிறது. நாட்காட்டி மாதத்தில் இது ஒன்பது மாதமும் ஏறத்தாழ ஒரு வாரமும் ஆகும்; நான்கு வாரத்தை ஒரு மாதமாகக் கொண்டால் சரியாகப் பத்து மாதம். 'பத்து மாதம் சுமந்தவள்' என்னும் தமிழ் வழக்கு மிகையன்று. ஆயினும் கணித்த அந்த ஒரு நாளில் பிறக்கும் குழந்தைகள் இருபதில் ஒன்று என்னும் அளவினவே. 37 முதல் 42 வாரம் வரை எந்நாளிலும் பேறு இயல்பாக நிகழலாம். இந்த ஐந்து வார அகலத்தை 'நாள்' என்னும் சொல் மறைக்கிறது. 'காலம்' என்னும் சொல் காட்டுகிறது.

5. வலி தொடங்கும்போது

பேற்றின் அறிகுறிகளைத் தமிழில் எழுதும் முயற்சி பழையது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த அமெரிக்க மிசனரி சாமுவேல் கிறீன், மான்செல் எழுதிய பேற்று மருத்துவ நூலைப் 'பிரசவ வைத்தியம்' என்னும் பெயரில் 1857இல் தமிழில் தந்தார். அவர் எழுதியது மருத்துவம் கற்கும் மாணவர்க்கு. வேலையிடத்துத் தாளுக்கான வாசகரோ வேறு. அவர்க்கு ஏற்ற சொற்கள் மருத்துவச்சிகளின் வழக்கிலும் பெண்களின் பேச்சிலும் ஏற்கெனவே உள்ளன.

பாடநூல் தமிழ் 'கருப்பைச் சுருக்கம்' என்று எழுதுகிறது. பொதுவழக்கில் சுருக்கம் என்பது தோலின் மடிப்பு அல்லது கட்டுரையின் சாரம். பெண்கள் 'வயிறு இறுகுகிறது', 'வலி விட்டு விட்டு வருகிறது' என்பர். நோயறியும் குறிப்பு இத்தொடரிலேயே அடங்கியுள்ளது: உண்மை வலி விட்டு விட்டு வரும், வரவர இடைவெளி குறையும், வலு கூடும், ஓய்வெடுத்தாலும் நடந்தாலும் தணியாது. ஒழுங்கின்றி வந்து தணிவது பொய்வலி. வீடுகளில் இதனைச் 'சூட்டு வலி' என்று கூறிச் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். வேலையிடத்தில் அந்த வேறுபாட்டைக் கஷாயத்தால் அன்றிக் கடிகாரத்தால் அறிவதே இயலும்.

'சவ்வு கிழிதல்' என்னும் ஆக்கத்தைவிடப் 'பனிக்குடம் உடைதல்' எவருக்கும் விளங்கும். 'பன்னீர்க்குடம்' என்போரும் உளர். ஆனால் 'உடைதல்' என்னும் சொல் ஓர் எச்சரிக்கையைக் கோருகிறது. குடம் உடைந்தால் நீர் பெருகி ஓடும் என்றே மனம் எண்ணும். உண்மையில் சிறிது சிறிதாகக் கசிவதும் உண்டு. வலி இல்லாவிடினும், கசிவு சிறிதாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று சேர்த்து எழுதாவிடில், நல்ல தமிழ்ச் சொல்லே பெண்ணைத் தவறாக வழிநடத்தும். வலிக்கு முன்னோடியாக இரத்தம் கலந்த சளி வெளிப்படுவதை ஆங்கில மருத்துவர் 'ஷோ' என்பர். அச்சொல்லை அப்படியே பெயர்ப்பது பயனற்றது. நிகழ்வதை விவரித்து எழுதுவதே தக்கது. மிகுதியான இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல், கடுந்தலைவலியுடன் பார்வை மங்குதல் ஆகியவை நாள் கணக்குக்குக் காத்திராதவை.

முதற்பேற்றில் வலி பல மணி நேரம் நீளும். கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பின்னர்த் தொடங்கும் முனைப்பான கட்டம் முதற்பேற்றில் பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டாது என உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் குறிப்பிட்டது. அடுத்தடுத்த பேறுகளில் நேரம் குறையும். எனவே 'முதல் பிள்ளைக்கு நெடுநேரம் ஆயிற்று' என்னும் நினைவை நம்பி இரண்டாம் பேற்றில் வேலை முடியும் நேரம் வரை காத்திருப்பது இடர் தரும்.

6. முடிவுரை

சட்டத்தின் வாசகம் 1961 முதல் 2017 வரை நாளின் பிடியைத் தளர்த்திக் காலத்தை நோக்கி நகர்ந்துள்ளது. வட்டார மொழிச் சுருக்கமும் அதே திசையில் செல்ல வேண்டும். 'எதிர்பார்க்கப்படும் பேற்று நாளுக்கு முந்திய எட்டு வாரத்திற்கு மேற்படாத' என்று தொடரைப் பெயர்த்துவிட்டு நிறுத்துவதால் பயன் சிறிது. அதனை அடுத்து, பின்வருவன போன்ற எளிய தொடர்கள் அமைதல் நன்று: 'வலி வரும் நாள் வரை வேலைக்கு வந்தாலும் உங்கள் விடுப்பு குறையாது. கருவுற்றிருந்தபோது அறிவிப்புக் கொடுக்க முடியாவிட்டால் பிள்ளை பெற்றபின் விரைவில் கொடுக்கலாம். மருத்துவர் சொன்ன நாளுக்கு முன்னும் வலி வரலாம். பனிக்குட நீர் கசிந்தால் வலிக்குக் காத்திருக்க வேண்டாம்.'

இவற்றுள் முதலிரண்டு சட்டம், பின்னிரண்டு மருத்துவம். துறைப்பகுப்பு இவற்றை இரு தாள்களில் பிரித்து வைக்கிறது. வேலையிடத்தில் நிற்கும் பெண்ணுக்கு இவை ஒரே பொழுதில் எழும் வினாக்கள். பன்னிரண்டு ஞாயிறுகளுக்காக ஒரு தொழிலாளி உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்த வரலாறு, இத்தாளின் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு எழுத வேண்டிய பொறுப்பை மொழிபெயர்ப்பாளருக்கு உணர்த்துகிறது.