மாத்திரை விலையும் ஒரு டி-ஷர்ட்டும்

எய்ட்ஸ் பற்றி எழுத வங்கிக்காரனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். விலை இருக்கிறதே! பி.காம். படித்தவனுக்கு எந்தக் கதையும் விலையில்தான் ஆரம்பிக்கும்.

2000-ல் எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கு ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆனது. 2001 பிப்ரவரியில், நான் பிழைக்க வந்திருக்கும் இதே மும்பையின் சிப்லா நிறுவனம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. ஒரு நாளைக்கு ஒரு டாலர்கூட இல்லை. இங்கே எல்லோரும் பெருமையாகச் சொல்வது இதுவரைதான். மீதிக் கதை தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது.

1998 டிசம்பரில் டர்பன் அருகே குவாமாஷு என்ற கறுப்பினக் குடியிருப்பில், தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளியே சொன்ன குகு த்லாமினி என்ற பெண்ணை அடித்தே கொன்றார்கள். அதே மாதம் 10-ஆம் தேதி கேப் டவுனில் ஜாக்கி அக்மத்தும் நண்பர்களும் சிகிச்சைக்கான ஓர் இயக்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். குகுவின் சாவுக்கு அவர்கள் சொன்ன பதில் ஒரு டி-ஷர்ட். நெஞ்சில் பெரிய எழுத்தில் 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்'. நோய் உள்ளவர், இல்லாதவர் எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். இனி யாரை அடிப்பாய்? 2002-ல் மண்டேலாவும் அதைப் போட்டுக்கொண்டார்.

இயக்கத்தில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பினப் பெண்கள். மருந்துப் பெயர், ரத்தப் பரிசோதனைக் கணக்கு எல்லாம் தாங்களே படித்து, கிளினிக் வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மலிவு மருந்துக்கு வழி செய்யும் சட்டத்தை எதிர்த்து 39 கம்பெனிகள் போட்ட வழக்கில் அரசு பக்கம் நின்றார்கள். 2001 ஏப்ரலில் கம்பெனிகள் பின்வாங்கின. ஆனால் எய்ட்ஸுக்குக் காரணம் எச்.ஐ.விதானா என்றே சந்தேகப்பட்டவர் அதிபர் எம்பெக்கி. எனவே அதே அரசின் மீது வழக்குப் போட்டு, கர்ப்பிணிகளுக்கு நெவிரபின் தர வேண்டும் என்று 2002 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 2003 நவம்பரில் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை தரும் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புக்கொண்டது. இடையில் போன உயிர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008-ல் கணக்கிட்டார்கள். இந்தப் பற்று எந்தப் பேரேட்டிலும் நேராகாது.

பல வருடம் முன்பு நான் இருந்த ஒரு கிளையில், கடைநிலை ஊழியர் ஒருவருக்கு 'அந்த நோய்' என்று பேச்சு கிளம்பியது. அவருடைய டீ டம்ளரைத் தனியாக வைத்தார்கள். நான் வைக்கவில்லை. வைத்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கொஞ்ச நாளில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த டம்ளரில் நானும் ஒரு நாள் டீ குடித்திருக்கலாம். செலவு ஒன்றும் இல்லை.