கொம்பும் பாய்ச்சலும்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் அம்பர் தேடுவது வீண்வேலை. இங்குள்ள பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு; பிசின் வடிக்க அன்று மரமே கிடையாது. அம்பருக்குள் அடைபட்ட 'நரக எறும்பை'ப் பார்க்க மியான்மரின் கச்சின் மாநிலம் போன்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கு இணையாக நிறுத்தத்தக்க எறும்போ இன்றும் உயிரோடு, மாநில எல்லைக்கு அப்பால், ஓசூரிலிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளி, பெங்களூரு மண்ணில் திரிகிறது: ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர் என்னும் குதிக்கும் எறும்பு.

முன்னது கொம்புக்காரன். 2020இல் வெளியான ஆய்வொன்று செரட்டோமிர்மெக்ஸ் எல்லன்பெர்கெரி என்னும் நரக எறும்பை வேட்டையின் நடுவிலேயே காட்டியது. கரப்பானின் தூரத்து உறவான பூச்சியின் குஞ்சு ஒன்று. அதன் கழுத்தைக் கீழிருந்து எழும்பிய தாடை, நெற்றிக் கொம்போடு சேர்த்து இறுக்கியிருக்கிறது. 9.9 கோடி ஆண்டுகளாக அந்தப் பிடி தளரவில்லை. பின்னதற்குக் கொம்பு இல்லை. பெரிய கண்ணால் இரையை அளந்து, நடு, பின் கால்களை உந்திப் பாய்ந்து, நீண்ட தாடையால் கவ்விக் கொட்டுகிறது.

இரண்டுக்கும் நேரடி வம்சத் தொடர்பு கிடையாது. ஆயினும் தலையைத் தாண்டி நீளும் தாடை இரண்டிலும் உண்டு. வேறுபாடு அது அசையும் திசையில்தான். இன்றைய எறும்புகள் எல்லாவற்றுக்கும் தாடை பக்கவாட்டில் மூடும். நரக எறும்புக்கு அது மேல்நோக்கி எழும். பொறியியல் பழகிய ஊர்க்காரன் என்பதாலோ என்னவோ, தாடைக்கு எதிர்முனையை நெற்றியிலேயே அமைத்துக்கொண்ட அந்த ஏற்பாட்டை ஒரு படி மேலாகவே மதிக்கத் தோன்றுகிறது.

ஆனால் செத்தது ஒரு கணத்தைத்தான் காட்டும். உயிருள்ளதன் வீட்டுக்குள்ளேயே நுழைந்து பார்க்கலாம். ராணி இறந்ததும் வேலைக்கார எறும்புகள் தங்களுக்குள் உணர்கொம்பால் மோதிக்கொள்கின்றன. வென்றவை முட்டையிடத் தொடங்குகின்றன. அவற்றின் மூளை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. ஆயுளோ ஏழு மாதத்திலிருந்து நான்கு ஆண்டாக நீள்கிறது. பழைய வேலைக்குத் திரும்பினால் மூளையும் பழைய அளவுக்கு வளர்கிறது.

இதில் வியப்பு ஒன்றுண்டு. பாய்ந்து வேட்டையாடும் வித்தையை ஆஸ்திரேலியாவின் மிர்மீசியா எறும்புகளில் சிலவும் தனியே கற்றிருக்கின்றன. மேல்நோக்கி எழும் தாடையை, நரக எறும்புகள் அழிந்தபின், வேறெந்த எறும்பும் திரும்பப் படைக்கவில்லை.