இன்ஜின் சீரமைப்பா, இன்ஜின் மாற்றமா: கான்டெஸா காரை முன்வைத்து

1. சிக்கல்

சென்னையை அடுத்து, ஆவடி சாலை பிரியும் கரையான்சாவடியில் ஒரு பழைய கார் புகை தள்ள ஆரம்பித்தால், உரிமையாளருக்கு இரண்டு யோசனைகள் தேடி வரும். "போர் போட்டு, பிஸ்டன் செட் மாத்திடலாம்" என்பார் ஒருவர். "எதுக்கு சார் இந்தத் தலைவலி, நல்ல ஜப்பான் இன்ஜின் ஒண்ணு வெச்சிடலாம்" என்பார் இன்னொருவர். செலவு, வேகம் என்ற இரண்டை மட்டும் தராசில் வைத்து இந்த வழக்கைத் தீர்த்துவிடுவதே வழக்கமாகிவிட்டது. இன்ஜினோடு பிணைந்திருக்கும் கியர்பாக்ஸ், ரேடியேட்டர், பின் அச்சு, ஆர்.சி. புத்தகம் ஆகியவற்றையும் தராசில் ஏற்றினால் தீர்ப்பு மாறும் என்பது இக்கட்டுரையின் வாதம். மாற்றம் ஆலைக்குரிய வேலை, பட்டறைக்குரியது சீரமைப்பு.

2. ஆலை செய்த மாற்றங்கள்

ரசிகர்கள் 'இந்தியாவின் மசில் கார்' என்று கொண்டாடும் கான்டெஸாவே இதற்குச் சாட்சி. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் காரை அடியொற்றி, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1984-இல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவிலிருந்து இதை வெளியிட்டது. நீண்ட மூக்கும் அகன்ற உடலும் அமெரிக்கத் தோரணையில் இருந்தன. பானெட்டைத் திறந்தால் உள்ளே இருந்தது அம்பாசடரின் 1489 சிசி பி.எம்.சி. இன்ஜின், அதன் திறன் ஏறத்தாழ 50 குதிரைத்திறன். பயில்வான் உடம்புக்குப் பிள்ளையின் மூச்சு.

இந்தக் குறையைத் தீர்த்தது ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் 1817 சிசி இன்ஜின். திறன் 90-ஐ நெருங்கியது. வண்டிக்கு 'கான்டெஸா கிளாசிக்' என்று பெயர் வந்தது. இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பழைய 4 கியர் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு நிறுவனம் இன்ஜினை மட்டும் பொருத்தவில்லை. 5 கியர் பெட்டியும் சேர்ந்தே வந்தது. மாறியது ஒரு தொகுதி. 1992-இல் அம்பாசடர் 1800 ஐ.எஸ்.இசட். வந்தபோதும் இதே இணைதான் உள்ளே சென்றது.

எதிர்மாறான பாடம் சென்னையிலேயே நடந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985-இல் 'ஸ்டாண்டர்டு 2000' காரை வெளியிட்டது. உடல், பிரிட்டனில் 3.5 லிட்டர் வி-8 இன்ஜினையும் சுமந்த ரோவர் எஸ்.டி.1 காருடையது, இன்ஜினோ பழைய வேன்கார்டு மரபில் வந்த 1991 சிசி. விலை அதிகம், எரிபொருள் செலவும் அதிகம், வேகம் குறைவு. 1988-க்குள் கதை முடிந்தது. வரைபடமும் சோதனைக்கூடமும் கையில் இருந்த ஆலைக்கே பொருத்தம் தவறியது என்றால், பட்டறை எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

ஆவடியின் அனுபவமும் இதை ஒட்டியதே. அங்கே கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான அர்ஜுன் டாங்கியில், ஜெர்மனியின் எம்.டி.யு. நிறுவனத்தின் 1400 குதிரைத்திறன் இன்ஜின் ரெங்க் கியர்பாக்ஸோடு ஒரே தொகுதியாக அமர்கிறது. பெரிய இயந்திரங்களை வடிவமைப்பவர்கள் இன்ஜினைத் தனிப் பொருளாகக் கருதுவதில்லை.

3. அளவுகோல் சொல்வது

சீரமைப்பு என்பது ஊகத்தில் தொடங்கும் வேலை அன்று. ஹெட்டைக் கழற்றியதும் அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் நகத்தால் சிலிண்டரின் மேல் விளிம்பைத் தடவிப் பார்ப்பார். மேல் ரிங் ஏறி நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே நகம் தடுக்கினால், அங்கே தேய்மானம் படிக்கட்டாகிவிட்டது என்று பொருள். பிறகு உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜ் இறங்கும்: மேலே, நடுவே, கீழே, ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அளவுகள். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் கூம்புத் தேய்மானத்தைக் காட்டும்; குறுக்குக்கும் நெடுக்குக்கும் உள்ள வித்தியாசம் நீள்வட்டத் தேய்மானத்தைக் காட்டும். சிலிண்டரைப் பத்து 'தவ்' அகலப்படுத்தினால் (அதுவே போர் போடுதல்) போதுமா, இருபதா, நாற்பதா என்பதை முடிவு செய்வது இந்த எண்களே. ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஒரு கணக்கு இங்கே பயன்படும். பி.எம்.சி. 1489 இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 73.025 மி.மீ.; பிஸ்டனின் ஓட்டம் 88.9 மி.மீ. நாற்பது தவ் போர் போட்டால் விட்டம் 74.041 மி.மீ. ஆகும், நான்கு சிலிண்டர்களின் கன அளவு ஏறத்தாழ 1531 சிசி. கூடியது 42 சிசி, அதாவது 3 சதவீதத்துக்கும் கீழ். எனவே 'சீரமைத்தால் இன்ஜின் அப்படியே பழையபடி இருக்கும்' என்பது கண்டிப்பான பொருளில் உண்மை அன்று. தேய்மானத்தைத் திருத்தும்போது இன்ஜினும் சற்றே மாறுகிறது. ஆனால் அந்த மாற்றத்தைப் பழைய கிளட்சும் ரேடியேட்டரும் பின் அச்சும் உணராது. திறன் இரட்டிப்பானால் இவை மூன்றும் உணரும். எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளிர்விக்கும் நீருக்குள்தான் போகிறது. சித்திரை வெயிலில் பூந்தமல்லி நெரிசலில் நிற்கும் வண்டிக்கு இது சிறிய விஷயமல்ல.

4. சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றின் விவரங்கள் அமையும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. இன்ஜின் மாற்றத்தைப் பற்றி அதே பிரிவு பேசும் இடத்தில் 'அதே தயாரிப்பு, அதே வகை' என்ற சொற்களே வருகின்றன. வேறு குலத்து இன்ஜினை வைத்துவிட்டுப் பூந்தமல்லி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் போய் நின்றால், பிரச்சினை திறன் பற்றியதாக இருக்காது. வண்டியின் அடையாளம் பற்றியதாக இருக்கும்.

5. எதிர்வாதம்

மாற்றத்துக்கு வலுவான வாதங்களும் உண்டு. கான்டெஸாவின் உற்பத்தி 2002-இல் நின்றது, உதிரிபாகம் அரிது. எரிபொருளும் மாறிவிட்டது. 2000-இல் இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோலுக்கு மாறியபின், வால்வு இருக்கைக்குக் கிடைத்துவந்த ஈயத்தின் பாதுகாப்பு போயிற்று. இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது. அமெரிக்காவில் செவர்லேயின் எல்.எஸ். வகை வி-8 இன்ஜின்களைப் பழைய கார்களில் பொருத்துவது பெரும் வழக்கம் என்பதையும் சுட்டலாம்.

எரிபொருள் பற்றிய இரு குறைகளுக்கும் சீரமைப்பிலேயே மருந்து இருக்கிறது. ஹெட் லேத்துக்குப் போகும்போதே கடினப்படுத்திய வால்வு சீட் பொருத்தலாம். குழாய்களையும் கார்புரேட்டர் கேஸ்கெட்டையும் மாற்றலாம். போர் எல்லை கடந்த பிளாக்குக்கு ஸ்லீவ் போட்டுப் பழைய அளவுக்கே திரும்பலாம். அம்பாசடர் 2014 வரை தயாரானதால் 1489 குடும்பத்துக்குப் பாகம் தேடுவதில் சற்று வசதி உண்டு. செம்பியத்தில் 1949 முதல் பிஸ்டன் நிறுவனமும் பாடியில் பிரேக், மின்கருவி ஆலைகளும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் இருக்கும் வட்டாரத்தில், சீரமைக்கும் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்க உதாரணமும் முழுமையாகப் பொருந்தாது: அங்கே அந்த இன்ஜினுக்கென்றே மவுண்ட், வயரிங், கியர்பாக்ஸ் எல்லாம் கடையில் தயாராகக் கிடைக்கின்றன. மாறுவது அங்கும் தொகுதிதான்.

6. முடிவு

பிளாக் விரிசல் விட்டிருந்தால் மட்டுமே மாற்றம் நியாயம். அப்போதும் அதே வகை இன்ஜினே வர வேண்டும், ஆர்.சி.யிலும் பதிவாக வேண்டும். மற்ற நிலைகளில் சீரமைப்பே சரியான வழி. 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேஸியிலோ உடலிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்கும் வண்டியையே அந்தத் தகுதியில் ஏற்கின்றன. 1984-இல் பதிவான முதல் கான்டெஸாக்களுக்கு 2034-இல் அந்த வயது வரும். ஆகவே இன்ஜினைத் தூக்குவதற்கு முன் ஒருமுறை போர் கேஜை இறக்கிப் பாருங்கள்.