தாமரைக்குளமும் சுண்ணத்து வண்டும்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சித்தன்னவாசல். அங்குள்ள அறிவர் கோயிலின் மண்டபத்தில் அண்ணாந்து நோக்குவோர் தலைக்குமேல் ஒரு குளத்தைக் காண்பர். மொட்டாய், இதழ் நெகிழ்ந்த போதாய், முழுதும் அலர்ந்த மலராய்த் தாமரை அங்கே பல பருவங்களில் நிற்கிறது. அகன்ற இலைகளுக்கிடையே மீன்களும் பறவைகளும் திரிகின்றன. எருமையும் யானையும் நீரில் இறங்கியுள்ளன. மூவர் மலர் கொய்கின்றனர்.

வெறும் அழகுக்காகத் தீட்டப்பட்ட பொய்கை அன்று இது. தீர்த்தங்கரர் அறவுரை அருளும் சமவசரணத்தின் பகுதிகளுள் இரண்டாவதான காதிகா பூமி, அதாவது நீர்நிலப் பகுதி, என்று அறிஞர் இதனை விளக்குவர். அதனை அடுத்து வருவது கொடிவனம். அதற்கும் அடுத்தது அசோகும் ஏழிலைப்பாலையும் சண்பகமும் மாவும் நிறைந்த உபவனம். அருகன் திருமுன்னை அடையும் வழி குளமும் கொடியும் சோலையுமாகவே அமைந்திருக்கிறது. வாமன முனிவர் தமிழில் இயற்றிய மேருமந்தர புராணமும் சமவசரணத்தை விரித்துரைக்கும். (அவரோடு தொடர்புடைய திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலின் குரா மரம் தனியே எழுதத்தக்கது.)

மலர் கொய்யும் அம்மூவரும் யாவர்? முனிவர் என்று எழுதியோரும் உளர். தாவரத்தை ஓரறிவு உயிர் என மதிக்கும் அறத்தில் பச்சிலையைக் கிள்ளவும் முனிவர்க்கு இடமில்லை; கொல்லாமையாகிய முதல் மாவிரதம் அதனைத் தடுக்கும். பூசைக்கு மலர் எடுப்பது இல்லறத்தார் செயல். ஆகவே அவர்களைப் பவ்வியர், அதாவது வீடுபேற்றுக்குத் தகுதி பெற்ற அடியார், எனக் கொள்வதே பொருந்தும். ஓவியத்தின் பொருளைத் தெளிய இங்கே ஒரு பூவின் உயிரே சான்றாகிறது.

குரோம்பேட்டையை அடுத்த பல்லாவரத்தில் மகேந்திரவர்ம பல்லவனின் விருதுப் பெயர்கள் வெட்டப்பட்ட குடைவரை ஒன்று உண்டு. அவனுக்குச் சித்திரகாரப்புலி என்னும் விருதும் வழங்கியது. சைவனாகுமுன் அவன் சமணனாயிருந்தான் என்பது மரபு. இவற்றால் சித்தன்னவாசல் ஓவியமும் அவன் காலத்தது என்றே முன்னர்க் கருதினர். ஆனால் அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு வேறொருவரைக் காட்டுகிறது. அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டியன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்தான் என்பது அதன் செய்தி. 1942-இல் ஓவியங்களை ஆராய்ந்தபோது மேற்பூச்சின் அடியில் பழைய ஓவியப் பூச்சு ஒன்றும் தென்பட்டது. மூலிகைச் சாற்றால் தீட்டியவை என்று சுற்றுலா நூல்கள் கூறுவதும் பிழையே. சென்னை அருங்காட்சியகத்து வேதியியலறிஞர் எஸ். பரமசிவன் ஆராய்ந்து கண்டவற்றுள் சுண்ண வெண்மையும் கரியும் மஞ்சட் காவியும் செங்காவியும் முதன்மையானவை. பூவைப் பிழிந்து பூவைத் தீட்டவில்லை. மண்ணைக் குழைத்தே தீட்டினர்.

உயிர்களைப் புலன் அறிவால் வரிசைப்படுத்தும் முறை தமிழுக்கும் பழையது. தொல்காப்பிய மரபியல் செடிகொடிகளுக்கு ஓர் அறிவும், நத்தை போல்வனவற்றுக்கு இரண்டும், கறையானுக்கும் எறும்புக்கும் மூன்றும், நண்டுக்கும் தும்பிக்கும் நான்கும் வகுத்துள்ளது. தொல்காப்பியரைச் சமணர் எனக் கொள்ள வையாபுரிப்பிள்ளை காட்டிய சான்றுகளுள் இதுவும் ஒன்று.

அந்த நாலறிவு உயிரை நடுவராகவே அமர்த்தினார் திருத்தக்கதேவர். சீவக சிந்தாமணியில் குணமாலையும் சுரமஞ்சரியும் தத்தம் நறுஞ்சுண்ணமே சிறந்தது என்று வாதிடுகின்றனர். தீர்ப்புச் சொல்ல வந்த சீவகன் இரண்டையும் வானில் தூவுகிறான். வண்டுகள் குணமாலையின் சுண்ணத்தை மொய்க்க, வழக்கு முடிகிறது. வண்டுக்கு மணம் அறியும் புலன் உண்டு, மனிதர் முகம் பார்த்துப் பேசும் வழக்கம் இல்லை. இதனினும் நேரிய நடுவர் கிடைப்பது அரிது! துறவியர் உணவு ஏற்கும் முறைக்கும் வண்டே உவமை. பூவுக்கு வருத்தமின்றித் தேனருந்தும் வண்டுபோல், இல்லத்தார்க்குச் சுமையாகாமல் ஏற்பதைப் பிராமரி என்பர். சிந்தாமணியை 1887-இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தபோது இத்தகைய சமயக் குறிப்புகளைத் தெளிவித்தோர் குடந்தைச் சமண இல்லத்தார் என்பதை இங்கு நினைவுகூரலாம். அதே காப்பியத்தின் இறுதியில் சீவகனுக்குத் துறவுணர்வு பிறப்பதும் ஒரு சோலையில்தான். ஆண்குரங்கு தன் துணைக்குக் கொடுத்த பலாச்சுளையைக் காவலன் விரட்டிப் பறிக்கக் கண்டு, தன் அரசும் அத்தகையதே என அவன் உணர்கிறான்.

கல்லில் இவ்வுணர்வின் உச்சம் பாகுபலி உருவம். அசையாது நின்ற அவர் உடலைக் கொடி பற்றியது. காலடியில் புற்று எழுந்தது. புற்றை எழுப்பியது மூவறிவுச் சிதல், படர்ந்தது ஓரறிவுக் கொடி. அவற்றை உதறி எறிய அவர் கை அசையவில்லை. சிரவணபெளகுளத்தின் 57 அடிச் சிலையில் தொடையையும் தோளையும் சுற்றும் கொடியை இலை இலையாகச் செதுக்கிய சிற்பி, ஏதேனும் ஒரு கொடி வேலியில் ஏறுவதை நெடுநேரம் நோக்கியிருத்தல் வேண்டும். தமிழகத்தில் கழுகுமலைப் பாறையிலும் பாகுபலி கொடி சூழ நிற்கிறார். இருமருங்கும் உள்ள பெண்டிரை அவர் உடன்பிறந்த பிராமி, சுந்தரி என்பர்.

கழுகுமலைக் கொடி கல்லில் நிலைத்துவிட்டது. சித்தன்னவாசல் தாமரைக்கு அந்தப் பேறு இல்லை. சுவர்களில் இருந்தவை பெரும்பாலும் உதிர்ந்துபோயின; கூரையிலும் தூண்களின் மேற்பகுதியிலும் உத்தரங்களிலும் உள்ளவையே எஞ்சியவை. அவற்றிலும் சிவப்பும் பச்சையும் மங்கி வருகின்றன.